தெளிந்த கண்ணும் தேறும் காட்சியும்

கண்ணாற் கண்டதே மெய்யென்பது உலக வழக்கு. ஆயின், கண்ட கண்ணே மாறிவிடின், முன்னர்க் கண்டது மெய்யா, பின்னர்க் காண்பது மெய்யா என்னும் வினா எழுகின்றது. கண்புரைக்குச் சத்திரசிகிச்சை பெற்றோரின் அனுபவம் இவ்வினாவை ஏட்டுச் சிக்கலாகவன்றி வாழ்க்கைச் சிக்கலாகவே முன்வைக்கின்றது.

முதுமையில் விழிவில்லை சிறுகச் சிறுக மஞ்சளித்து மங்குகின்றது. மஞ்சளித்த வில்லை ஒளியின் நீலக்கூற்றையே மிகுதியாகத் தடுக்கின்றது. எனினும், அத்தகைய முதியவர் வெள்ளை வேட்டியை மஞ்சள் வேட்டி என்பதில்லை. பல்லாண்டுகளாக நிகழும் மாற்றத்திற்கு மூளை தன்னை இசைவித்துக்கொள்வதே காரணமாகும். தமிழில் அளவை நூல் செய்தோர் ஐயத்தையும் திரிவையும் காட்சிக்குரிய குற்றங்களாகக் கூறுவர். இங்கே திரிவு உண்டு, ஐயமோ இல்லை. தவறு தவறெனத் தோன்றாதிருத்தலே அதன் பேராற்றல் எனலாம்.

சிகிச்சையின்போது மங்கிய வில்லை அகற்றப்பட்டுத் தெளிந்த செயற்கை வில்லை பொருத்தப்படுகின்றது. முதல் நாட்களில் ஒளி கூசுகின்றது. வெள்ளைச் சுவர் பலருக்கு நீலம் பாய்ந்ததாகத் தோன்றுகின்றது. கண் ஆறிப் பார்வையின் அளவு நிலைபெறச் சில வாரங்கள் செல்வதால், புதிய மூக்குக்கண்ணாடி அதன் பின்னரே வழங்கப்படுவது வழக்கம். நிறவுணர்வு நிலைபெற மாதங்கள் செல்வதும் உண்டு. ஈற்றில் அச்சுவர் மீண்டும் வெறும் வெள்ளைச் சுவராகின்றது. சுவரும் மாறவில்லை, புதிய வில்லையும் மாறவில்லை. மாறியது காண்பவனின் அளவுகோலே.

பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1912இல் அவருக்குக் கண்புரை கண்டறியப்பட்டது. நோய் முற்றியபோது, வர்ணக் குழாய்களில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளை நம்பியே அவர் நிறந் தெரிந்தார். 1923இல் வலக்கண்ணிற் சிகிச்சை பெற்றார். செயற்கை வில்லை தோன்றாத அக்காலத்தில் தடித்த கண்ணாடியே துணை. நிறங்கள் பிறழ்ந்து தோன்றுவதாக அவர் மனம் நொந்தார். நிறமூட்டிய கண்ணாடிகளை அணிந்து பார்த்தார். அதன் பின்னரே தம் பெரும் அல்லிக்குள ஓவியங்களைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். தெளிவு அவருக்கு முதலிற் துன்பமாகவே வந்தது.

அவ்வாறாயின், பழக்கமே மெய்யென்றும், இரு காட்சிகளும் சமமென்றும் ஒருவர் வாதிடலாம். ஒரு கண் மட்டும் சிகிச்சை பெற்றிருக்கும் இடைக்காலம் அவ்வாதத்தை மறுக்கின்றது. கண்களை மாறி மாறி மூடிப் பார்ப்பவருக்கு, பழைய கண் கறுப்பென்றே காட்டிய இரு துணிகளுள் ஒன்று கருநீலமெனப் புதிய கண் பகுத்துக் காட்டுகின்றது. ஆதலின், இயல்பாகத் தோன்றுவது மெய்ம்மைக்கு அளவுகோலன்று; வேறுபாட்டைப் பகுத்தறியும் ஆற்றலே அளவுகோலாம்.

இவ்வுண்மை அறவாழ்விற்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்துக் கோயில் வாயில்கள் சில பிறப்பின் பேரால் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், உள்ளே நின்று வணங்கிய பலருக்கு அது அநீதியாகத் தோன்றவில்லை. வெள்ளை வேட்டி போல இயல்பாகவே தோன்றிற்று. வாயிலுக்கு வெளியே நின்றவரின் கண்ணே அங்கு மற்றைக் கண்ணாக அமைந்தது. வாயில்கள் திறந்தபோது சிலருக்கு ஏற்பட்ட கூச்சம், திறந்தது பிழையென்பதற்குச் சான்றாகாது. அது மங்கலுக்குப் பழகிய கண்ணின் கூச்சமேயாம்.

புதிய காட்சியும் நாளடைவில் வழக்கமாகிவிடும். அப்போது முன்னைய மங்கல் மறக்கப்படும். தன் கண் என்றுமே தெளிந்திருந்ததென்னும் செருக்குத் தலைதூக்கும். கூசிய நாட்களை மறவாதிருத்தலும், தன் கண் காணாததை மற்றவர் கண் காணக்கூடுமென ஏற்றலும் அறிவுடையோர் கடனாகும்.