கோட்டுக்கு வெளியே நிற்கிற வேலை



முப்பது வருடம் தறியில் உட்கார்ந்து நெய்தவரை ஒருநாள் எழுப்பி, "இனி நீங்க நெய்ய வேண்டாம், இந்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தாப் போதும்" என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? கை சும்மா இருக்காது. நூல் அறுந்த சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுவார். கையால் செய்ததை வாயால் செய்யப் பழகுவது அவ்வளவு கடினம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் ரஸல் ஞாபகத்துக்கு வருகிறார்.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் தூண் அவர். எதிரணிக்காரர் கூடையை நோக்கி எறியும் பந்தைத் தடுக்கும்போது, மற்றவர்களைப் போலக் கூட்டத்துக்குள் பறக்கும்படி ஓங்கி அடிக்கமாட்டார். தன் அணிக்காரர் கைக்குப் போய்ச் சேரும்படி மெல்லத் தட்டிவிடுவார். தடுத்த அந்த நொடியிலேயே செல்டிக்ஸின் தாக்குதல் தொடங்கிவிடும். அவர் ஆடிய 13 ஆண்டுகளில் அந்த அணி 11 முறை பட்டம் வென்றது.

1966 ஏப்ரல். லேக்கர்ஸ் அணியுடன் இறுதிச்சுற்று நடந்துகொண்டிருக்கிறது. முதல் ஆட்டத்தில் செல்டிக்ஸ் தோற்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் பயிற்சியாளர் ரெட் அவர்பாக், தனக்குப் பிறகு பில் ரஸல்தான் பயிற்சியாளர் என்று அறிவித்தார். அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யில் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளரானது அதுவே முதல் முறை. ரஸல் ஆட்டத்தையும் விடவில்லை. ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. துணைப் பயிற்சியாளர் என்று ஒருவரும் கிடையாது. பந்துக்காக எம்பிக் குதிக்க வேண்டும். குதித்து இறங்கும்போதே யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாரை உட்கார வைக்கலாம், எப்போது ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலாம் என்றும் யோசிக்க வேண்டும்.

முதல் வருடம் 81 ஆட்டங்களில் 60 வெற்றி. ஆனால் தொடர்ந்து எட்டு வருடம் கோப்பையை வைத்திருந்த அணி, அந்த 1967இல் வில்ட் சேம்பர்லின் ஆடிய ஃபிலடெல்ஃபியா அணியிடம் வீழ்ந்தது.

தோல்வியோடு முடிந்த அந்தக் காலத்திலிருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி வருகிறது. ரஸலின் தாத்தா ஜேக் ரஸல், லூசியானாக்காரர். வெள்ளையர் குடிக்கும் குழாயில் கறுப்பர் தண்ணீர் குடிக்க முடியாத ஊரில் வாழ்ந்தவர். பேரன் அவரை அணியின் உடை மாற்றும் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே கறுப்பினத்தவரான சாம் ஜோன்ஸும் வெள்ளையரான ஜான் ஹாவ்லிசெக்கும் பக்கத்துப் பக்கத்தில் நின்று குளித்தபடி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிழவர் அழுதுவிட்டார். இப்படி எல்லாரும் கலந்து வாழும் ஓர் அணியைத் தன் பேரன் நடத்துகிறானே என்ற பெருமை அவருக்கு. பட்டம் கைவிட்டுப்போன ஒரு பயிற்சியாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடைத்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

அடுத்த வருடம் அதே ஃபிலடெல்ஃபியாவிடம் 3க்கு 1 என்று பின்தங்கியிருந்து, மீதி மூன்று ஆட்டங்களையும் வென்று கரையேறினார்கள். அந்த வருடமும் பட்டம், அதற்கடுத்த 1969இலும் பட்டம். லாஸ் ஏஞ்சலிஸில் கடைசி ஆட்டத்தை இரண்டே புள்ளியில் வென்றுவிட்டு, 35 வயதில் ரஸல் ஆட்டத்தை விட்டார்.

அவர் பயிற்சியாளரானது 1966இல் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த மாற்றம் உண்மையில் நடந்தது 1973இல் என்பேன் நான். அந்த வருடம்தான் சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் அணியை ஏற்றார். பாஸ்டனில் ஆட்டம் கைநழுவினால் அவரே கூடைக்கு அடியில் போய் நிற்கலாம், அவர் கையே பந்தைத் தட்டிவிடும். சியாட்டிலில் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். எந்த நொடியில் குதிக்க வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். அந்த நொடியை எடுத்து இன்னொருவர் காலில் வைக்க முடியுமா? இளம் ஆட்டக்காரர்கள் தவறு செய்வார்கள். பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

நான்கு பருவங்களில் 162 வெற்றி, 166 தோல்வி. பாஸ்டன் கணக்கோடு ஒப்பிட்டால் சாதாரணம்தான். ஆனால் அதுவரை நாக்அவுட் சுற்றையே பார்க்காத அந்த அணி, 1975இல் முதல் முறையாக அங்கே போனது. பிறகு சாக்ரமென்டோ அணியில் 58 ஆட்டங்களில் 17 வெற்றியோடு பதவி போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மாபெரும் ஆட்டக்காரருக்கும் கற்பித்தல் தனித் தொழில். அங்கே அவரும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்கினார்.

1976இல் ரஸல் சியாட்டிலில் பொறுப்பில் இருந்தபோது, புதுமுக வீரர் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஒரு பையனை அணிக்கு எடுத்தார்கள். பெயர் டென்னிஸ் ஜான்சன். ரஸல் அங்கிருந்து போய் இரண்டு வருடம் கழித்து, 1979இல், சியாட்டில் பட்டம் வென்றது. அந்த இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் டென்னிஸ் ஜான்சன். ஆட்டக்காரராக 1975இலேயே கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற ரஸலுக்குப் பயிற்சியாளர் என்ற முறையில் அந்த இடம் கிடைக்க 2021 ஆகிவிட்டது. மறு வருடம், 88 வயதில், அவர் காலமானார்.

நேயர்களே, இன்று நீங்கள் போகிற இடத்தில், பட்டறையோ சமையற்கட்டோ வகுப்பறையோ, உங்களிடம் தொழில் பழகும் ஒருவர் தடுமாறுவார். கருவியை அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். இன்னும் ஒருமுறை அவரே செய்து பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.