பரம்பரையின் இரகசியம் எவருக்குரியது?

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து செல்வோர் அலவத்துகொடயை அடைவர். முஸ்லிம்களும் சிங்களவரும் அயலயலாக வாழ, சூழவுள்ள மலைப்புறங்களில் தோட்டத் தமிழரும் வாழும் பகுதி அது. இத்தகைய ஊர்களில் ஒரு வீட்டார் அறிந்த செய்தியை மறுவீட்டார் அறியாதிருத்தல் அரிது. திருமணப் பேச்சு எழுந்துவிட்டால், பெண் வீட்டாரின் மூன்று தலைமுறை வரலாறும் தரகர் வாயிலாகவும் உறவினர் வாயிலாகவும் விசாரிக்கப்படும். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றியும் விசாரணை நடைபெறும். ஆயின் அது பெரும்பாலும் தொழிலோடும் வருவாயோடும் நின்றுவிடுவதுண்டு. இவ்வேற்றுமை பின்னர் நோக்கப்படும் பொருளுக்கு இன்றியமையாதது.

இந்த விசாரணையினுள் இக்கால மருத்துவம் ஒரு புதிய வினாவைக் கொண்டுவந்துள்ளது. தலசீமியா எனும் குருதி நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெறும் பிள்ளையிடத்தே தோன்றுவது. ஒருவரிடமிருந்து மட்டும் அதனைப் பெற்றவர் நோயாளர் அல்லர். அவர் காவி எனப்படுவார். உழைப்பிலோ ஆயுளிலோ அவருக்குக் குறையேதுமில்லை. காவிகள் இருவர் மணந்துகொண்டால் மட்டுமே, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் ஏற்படும் வாய்ப்பு உண்டு. அப்பிள்ளை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிய குருதியால் உடலிற் சேரும் இரும்பை அகற்றுவதற்கு, தோலின்கீழ் ஊசி செலுத்தி எட்டுப் பத்து மணிநேரம் மருந்து பாய்ச்சும் இரவுகளை எத்தனையோ குடும்பங்கள் அறியும். வாயால் உட்கொள்ளும் மருந்துகள் பிற்காலத்தில் வந்து இத்துன்பத்தை ஓரளவு குறைத்தன.

இலங்கையில் இந்நோயின் பரம்பல் குறித்து 2000ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளிவந்த ஆய்வு, பாடசாலைப் பிள்ளைகளின் குருதியைச் சோதித்து, சராசரியாக நூற்றுக்கு 2.2 பேர் பீற்றா தலசீமியாக் காவிகள் எனக் கண்டது. எந்தக் காலத்திலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளருக்குச் சிகிச்சை தேவைப்படும் எனவும், அதற்கு நாட்டின் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு வேண்டியிருக்கும் எனவும் அது மதிப்பிட்டது. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகின்றது. காவிகள் இருவர் தம்முள் மணம் செய்யாதிருக்குமாறு அறிவுறுத்தும் 'பாதுகாப்பான திருமணம்' எனும் கருத்து அரச சுகாதாரத் துறையினரால் பரப்பப்பட்டு வருகின்றது. திருமணப் பதிவுக்கு இச்சோதனை கட்டாயமாக்கப்படவில்லை.

காவிநிலை என்பது குடும்பக் களங்கமாகக் கருதப்படும் இடங்களில் ஓர் உண்மை எடுத்துரைக்கப்பட வேண்டும். மலேரியா பரவிய நிலங்களில் இப்பரம்பரையலகை ஒற்றையாகக் கொண்டோர் அந்நோய்க்கு எளிதிற் பலியாகாது பிழைத்தனர். அதனாலேயே அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காய்ச்சல் போயிற்று; அதற்கு எதிராக முன்னோர் உடலில் எழுந்த அரண் மட்டும் எஞ்சிற்று. உயிர் காத்த ஒன்று இன்று இழுக்காகப் பேசப்படுதல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இனி அறத்தைப் பற்றிய வினாவுக்கு வரலாம். ஒருவருடைய குருதி சொல்லும் செய்தி அவர் ஒருவருக்கே உரியதா? எலும்பு முறிவு உற்றவரின் செய்தி அவரோடு நிற்பது. பரம்பரையலகுச் செய்தியோ அவ்வாறு நிற்பதில்லை. ஒரு பெண் காவியெனத் தெரிந்த அக்கணமே, அவளுடைய தாய் தந்தையருள் ஒருவரேனும் காவி என்பதும், உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் காவியாதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு என்பதும் பெறப்படும். மாமன் மகனுக்கு அவ்வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. ஊரிலுள்ள பிறனொருவனுக்கோ நாற்பத்தைந்தில் ஒன்று. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் மச்சான் மச்சாள் உறவில் மணம் முடித்தல் வழக்கம். கண்டிச் சிங்களவரிடத்தும் அது பழமையானது. ஆகவே உறவுக்குள் பெண் கொடுக்கும் குடும்பத்தில், ஒருவரது சோதனை பலரது சோதனையே ஆகின்றது. அக்காளின் பெறுபேறு தங்கையின் திருமணத்தைத் தடுக்குமாயின், சோதிக்கப்படாத தங்கையின் அந்தரங்கம் அவளறியாமலே பறிபோயிற்று எனலாம்.

இதனால் இரு கடமைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தான் அறிந்ததை உறவினருக்கு உணர்த்தாதவர், அவர்தம் பிள்ளைகள் நோயுடன் பிறக்கும் இடரைத் தடுக்கும் வாய்ப்பைத் தவறவிட்டவராவார். உணர்த்துபவரோ, கேட்க விரும்பாதவர் காதிலும் அதனை இடுபவராவார். அறியாதிருக்கும் உரிமை என ஒன்றுண்டு எனச் சிலர் வாதிப்பர். குணப்படுத்த இயலாத, தப்பவும் வழியில்லாத நோயைப் பொறுத்தவரை அவ்வாதம் வலுவுடையது. தலசீமியாவைப் பொறுத்தவரை அது வலுவிழக்கின்றது. ஏனெனில் அறியாமையின் விலையைச் செலுத்துவது அறியாதிருக்க விரும்பியவர் அன்று, அவருக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளையே.

ஆயினும் அறிவு மட்டும் போதுமெனக் கருதுவோர் கிரேக்க நாட்டு ஓர்கொமெனோஸ் எனும் ஊரின் அனுபவத்தை நோக்குதல் வேண்டும். அரிவாட் கல நோய்க் காவிகள் பலர் வாழ்ந்த அவ்வூரில் மக்கள் அனைவரும் சோதிக்கப்பட்டு, காவிகள் தம்முள் மணக்கலாகாது என அறிவுரை வழங்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, இரு காவிகள் இணைந்த திருமணங்கள் குறைந்திருக்கவில்லை. காவிகள் இழிவாக நோக்கப்பட்டதால் தம் நிலையை மறைத்தே மணம் புரிந்தோர் பலர். நாணத்தைச் சுமத்திய இடத்தில் உண்மை ஒளிந்துகொண்டது. அமெரிக்காவிலும் 1970களில் அந்நோய்க் காவிகளான கறுப்பினத்தவர் வேலையிலும் காப்புறுதியிலும் ஒதுக்கப்பட்டனர். அந்நாட்டு வான்படைக் கல்லூரி 1981 வரை அவர்களைச் சேர்க்க மறுத்தது. நோயற்றவர்கள் நோயாளராக நடத்தப்பட்ட கதை அது.

இதற்கு மாறானதொரு வழியை நியூயோர்க்கின் வைதிக யூத சமூகத்தார் 1980களில் கண்டனர். தம் பிள்ளைகள் பலரைப் பரம்பரை நோய்க்குப் பறிகொடுத்த குருவொருவர் தொடங்கிய 'டோர் யெஷோரிம்' எனும் அமைப்பு, இளைஞரின் குருதியைச் சோதித்து ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கத்தை வழங்குகின்றது. எவர் காவி என்பது அவரிடமும் கூறப்படுவதில்லை. திருமணப் பேச்சு எழும்போது இரு இலக்கங்களையும் தெரிவித்தால், பொருத்தம் உண்டு அல்லது இல்லை என்னும் விடை மட்டும் கிடைக்கும். சாதகம் பார்த்துப் பழகிய தமிழர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது! இதனால் எவர்மீதும் களங்கம் படிவதில்லை. எனினும் தன் உடலைப் பற்றிய உண்மையைத் தானறியும் தகுதி வளர்ந்தவர் ஒருவர்க்கு இல்லையெனக் கொள்வது இம்முறையின் அடிப்படை. உறவினரை எச்சரிக்கும் வாயிலும் அதனால் அடைபடுகின்றது. சமூகத்தின் கொடுமைக்கு அஞ்சி உண்மையைப் பூட்டிவைப்பதனால், கொடுமை கண்டிக்கப்படாமலே எஞ்சுகின்றது.

இலங்கையில் இவ்வினா மேலும் கூர்மையடைவதற்கு ஒரு காரணம் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்துக்கன்றிக் கருச்சிதைவு செய்தல் குற்றமாகும். ஆகவே கருவிலுள்ள பிள்ளைக்கு நோயுண்டெனக் கண்டாலும் சட்டத்தின் வழி செய்யத்தக்கது ஏதுமில்லை. பிற நாடுகளில் திருமணத்தின் பின் எடுக்கப்படும் முடிவின் சுமை, இங்கு முழுவதும் திருமணத்துக்கு முன்னரே இறக்கிவைக்கப்படுகின்றது. நிச்சயம் முடிந்தபின் பெறுபேறு வந்து பேச்சு முறிந்தால், பழி எவர்மீது விழும் என்பதை அலவத்துகொட போன்ற ஊரில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்ப்பர். பெண்ணுக்கோ 'ஏதோ குறையாம்' என்ற சொல் ஒட்டிக்கொள்ளும். இருவரது குருதியிலும் இருப்பது ஒன்றே என்பதை அச்சொல் மறைத்துவிடும்.

இவ்விடத்தில் எளிய கணக்கொன்று அறத்துக்கு உதவுகின்றது. இருவருள் ஒருவர் காவியல்லர் எனத் தெரிந்தால் மற்றவரைச் சோதிக்கும் தேவையே எழாது. ஆண்மகனை முதலிற் சோதித்தால், சராசரியாக நூறு திருமணங்களில் தொண்ணூற்றேழு அல்லது தொண்ணூற்றெட்டில் பெண்ணின் குருதியைக் கேளாமலே காரியம் முடிந்துவிடும். களங்கத்தை எளிதிற் தாங்கவல்லவர் முன்வருவதே நீதி. அவரும் பேச்சு எழுமுன்னரே, தாமாகவே, தம்மளவில் அதனை அறிந்துகொள்ளுதல் நன்று. முதற்படியில் வேண்டுவது பெருஞ்செலவிலான பரம்பரையலகுச் சோதனையும் அன்று. செங்குழியங்களின் பருமனை அளக்கும் வழமையான குருதிச் சோதனையே சந்தேகத்துக்குரியோரை இனங்காட்டும். இரும்புச்சத்துக் குறைவும் அதே தோற்றத்தைத் தருமாதலால் மேற்சோதனை வேண்டப்படும். இம்மேற்சோதனைக்கு முன்னரே தாதியோ எழுதுநரோ 'காவிபோலத் தெரிகிறது' என வெளியிற் கூறிவிடுதல் மிகப்பெரும் தீங்கு. பாதுகாப்பு என்பது ஊசியின் தூய்மையோடு முடிந்துவிடுவதில்லை.

தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. பரம்பரையலகுத் தரவுகளைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியனவாக அது வகுத்தமை பாராட்டற்பாலது. கிளினிக்கின் வாசலில் பெயரை உரக்க அழைக்கும் வழக்கத்தைச் சட்டம் மாற்றுமா என்பது வேறு வினா. பரந்த உலகிலும் சட்டங்கள் ஓட்டையுடையனவே. அமெரிக்காவில் 2008இல் இயற்றப்பட்ட சட்டம் தொழிலிலும் மருத்துவக் காப்புறுதியிலும் பரம்பரையலகு சார்ந்த பாகுபாட்டைத் தடுத்தது. ஆயுட் காப்புறுதியை விட்டுவிட்டது. உமிழ்நீரைப் பெற்று வமிசம் கூறும் 'ட்வென்டித்ரீ அன்ட் மீ' நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தரவுகள் களவாடப்பட்டன. 2025இல் அந்நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. 2018இல் கலிபோர்னியாவில் கொலையாளி ஒருவன் அகப்பட்டது, அவனது தூரத்து உறவினர் தாமாகவே வழங்கியிருந்த தரவின் வழியாகும். அவன் அகப்பட்டதற்கு எவரும் வருந்தார். ஆயினும் இலண்டனிலோ தொறொன்ரோவிலோ வாழும் ஒருவர் வேடிக்கைக்காக அனுப்பும் உமிழ்நீர், அலவத்துகொடயிலுள்ள அவரது பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் பேசும் என்பது அதனால் தெளிவாயிற்று. அப்பிள்ளைகளிடம் எவரும் இசைவு கேட்டதில்லை.

இன்னுமொரு குரல் இவ்விவாதங்களிற் கேட்கப்படுவதில்லை. குருதி ஏற்றும் கட்டிலிற் படுத்திருக்கும் பதினாறு வயதுச் சிறுவன், எதிர்ச் சுவரில் 'தலசீமியாவைத் தடுப்போம்' எனும் வாசகத்தைப் படிக்கின்றான் எனக் கொள்ளலாம். தடுக்கப்பட வேண்டியிருந்தது தானே என அவன் விளங்கிக்கொண்டால், அவ்வாறன்று என அவனுக்கு எவர் கூறுவர்? நோயைத் தடுக்க விழையும் சமூகம், நோயுடன் வந்தவர்க்கான மருந்தையும் குருதியையும் அதே ஆர்வத்துடன் வழங்குகின்றதா என்பதை அவனே நன்கறிவான். தடுப்பினால் மிச்சமாகும் பணத்தைக் கணக்கிடுவோர், அக்கணக்கு அவன் காதில் எவ்வாறு ஒலிக்கும் எனவும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காவியெனத் தெரிந்தும் மணந்துகொள்ள உறுதிபூண்ட இருவரைச் சுகாதார ஊழியர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதையும் இதனுடன் சேர்த்தே நோக்கலாம். அவர்களுக்கு நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு நல்லதாகவும் உள்ளது; அதனையும் சேர்த்துக் கூறுபவரே ஆலோசகர்.