எத்தனை வரி எடுக்கலாம்?

எழுதுகிற நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: “இன்னொருவர் நூலிலிருந்து அனுமதி கேட்காமல் எத்தனை வரி எடுக்கலாம்?” பத்து வரி என்பார் ஒருவர், பத்து விழுக்காடு என்பார் இன்னொருவர். சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நான்கு கேள்விகளைக் கேட்கிறது: எதற்காக எடுத்தீர்கள், எத்தகைய படைப்பிலிருந்து, எவ்வளவு, அதனால் மூலநூலின் சந்தைக்கு என்ன நேரும்? பிரித்தானியாவும் கனடாவும் திறனாய்வு, மதிப்புரை, செய்தி போன்ற நோக்கங்களை வரையறுத்து, அவற்றுக்குள் நியாயமாக நடக்கச் சொல்கின்றன. அங்கும் எண் இல்லை.

1979இல் ‘தி நேஷன்’ இதழ், முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் வெளிவராத நினைவுக்குறிப்பிலிருந்து ஏறத்தாழ 300 சொற்களை அப்படியே வெளியிட்டது. கையெழுத்துப்படியோ 2,00,000 சொற்கள். ஆனால் எடுத்தவற்றில் நிக்சனை மன்னித்த கதையும் இருந்தது. நூலின் உயிரே அதுதான். முன்வெளியீட்டுக்கு விலைபேசியிருந்த ‘டைம்’ இதழ் பின்வாங்கியது. அது நியாயப் பயன்பாடு அல்ல என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 1994இல், ஒரு பாடலின் உயிரான பகுதியையே எடுத்துப் பகடி செய்வதும், அது விற்பனைக்கானதாக இருந்தாலும், நியாயப் பயன்பாடாகலாம் என்றது. எடுத்ததைக் கொண்டு புதிதாக ஒன்றைச் சொல்வது வேறு. மூலத்தின் இடத்தில் போய் உட்காருவது வேறு.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. தகடூர் யாத்திரை முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டும் உரைகளும் எடுத்தாண்ட பாடல்களால்தான் அதை அறிகிறோம். மேற்கோள் ஒரு நூலைக் காப்பாற்றவும் செய்யும்.

முழுநூலைப் பிடிஎஃப் ஆக்கிக் குழுக்களில் அனுப்புகிறவர்களும் “தமிழைக் காப்பாற்றுகிறோம்” என்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த சமூகம், பிரதி எடுப்பதை எளிதில் களவு என்று சொல்லாது. பதிப்பாளர் இல்லை, மறுபதிப்பு இல்லை, வாரிசுகள் எங்கே என்றும் தெரியவில்லை: அத்தகைய நூலைப் படியெடுத்து வைப்பதற்கும் சட்டம் எளிதில் இடம் தராது. என் மனச்சாட்சி தரும்.

ஆனால் போன மாதம் வந்த நூல்? கைக்காசில் அச்சிட்டு, இலக்கியக் கூட்டங்களுக்குப் பையில் சுமந்து வருகிறார் அதை எழுதியவர். அதே மண்டபத்தில், அதே நூலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு அவருக்குக் கைகுலுக்குகிறோம். அங்கே எதைக் காப்பாற்றினோம்?

இப்போதெல்லாம் நண்பர்களுக்கு நான் எண் சொல்வதில்லை. எழுதியவர் எதிரே வந்தால், எடுத்ததை அவரிடம் காட்ட முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லத் தயங்குகிறவர், நீதிமன்றம் என்ன சொல்லும் என்று என்னிடம் கேட்கத் தேவையில்லை.