விலகும் நேரம்

'உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட வேண்டும்' என்பது பார்வையாளனின் வாக்கியம். விளையாடுகிறவனுக்கு உச்சம் என்பது கடந்துபோன பிறகே தெரியவருகிறது. மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மூத்த கவிஞரின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது நானும் இதே வாக்கியத்தைக் கொஞ்சம் நாகரிகப்படுத்தி எழுதினேன்: இனி எழுதாமல் இருப்பதே, எழுதியவற்றுக்கு அவர் செய்யக்கூடிய மரியாதை என்று. அப்போது அது தார்மீகமான கூற்றாகவே பட்டது. இப்போது சந்தேகம். சந்தேகத்தைக் கிளப்பியது இலக்கியம் அல்ல, கூடைப்பந்து.

கோபி ப்ரயன்ட் 1996ல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். இருபது பருவங்கள், ஐந்து கோப்பைகள், எல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் என்ற ஒரே அணியில். 2013 ஏப்ரல் 12 அன்று, 34ஆவது வயதில், கோல்டன் ஸ்டேட் அணியுடன் ஆடுகையில் இடது குதிகாலின் தசைநாண் அறுந்துபோயிற்று. அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ பாக்கி இருந்தது. அறுந்த காலோடு கோட்டில் போய் நின்று இரண்டையும் கூடையில் போட்டுவிட்டு வெளியேறினார். இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அந்த முகத்தில் வீரம் என்று ஒன்றும் இல்லை. கவுண்ட்டரை மூடுமுன் கணக்கை நேர் செய்துவிட்டுப் போகிற காசாளரின் முகம். (என் பிழைப்பு அப்படி, எனக்கு உவமையும் அங்கிருந்துதான் வருகிறது.)

அன்றோடு நிறுத்தியிருந்தால் நமக்கு ஒரு பூரணமான சித்திரம் கிடைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. அந்த டிசம்பரில் திரும்பி வந்து ஆறே ஆட்டங்களில் முழங்கால் எலும்பு முறிந்தது. 2015 ஜனவரியில் வலது தோளின் தசை கிழிந்தது. அந்த ஆட்டத்தில் மீதி நேரத்தை இடது கையால் எறிந்து சமாளித்தார். கடைசிப் பருவத்தில் அவர் எறிந்த நூறு பந்துகளில் ஏறத்தாழ 36தான் கூடைக்குள் போயின.

விலகியிருக்க வேண்டும் என்றவர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் ஒன்றே: பார்க்கச் சகிக்கவில்லை. மைக்கேல் ஜோர்டன் விஷயத்திலும் இதுதான் நடந்தது. 1998 இறுதி ஆட்டத்தில் அவர் போட்ட கடைசிப் பந்தோடு கதை முடிந்திருக்க வேண்டும், 2001ல் வாஷிங்டன் அணிக்காகத் திரும்பி வந்து வீங்கிய முழங்காலோடு ஓடியது ஒரு பிழை என்று இன்றும் சொல்கிறார்கள். எதிர் உதாரணமாக பில் ரஸ்ஸலைக் காட்டுவார்கள். 1969ல், பதின்மூன்று பருவங்களில் பதினோராவது கோப்பையை வென்ற கையோடு விலகியவர். அழகுதான். ஆனால் என் ஞாபகத்தில் உள்ள பிம்பம் கலையாமலிருக்க இன்னொரு மனிதன் தன் தொழிலை விட்டுவிட வேண்டும் என்பது ரசனையின் கோரிக்கை. அறத்தின் வேஷம் கட்டிக்கொண்டு வருவதால் அதை அறம் என்று நம்பிவிடுகிறோம். வலி அவருடையது, அதைத் தாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

இத்தோடு முடித்துக்கொள்ள முடிந்தால் சௌகரியமாக இருக்கும். முடியாது. அந்தத் தொழிலில் ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. 2013 நவம்பரில், காயத்துக்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில், இரண்டு பருவங்களுக்கு 4 கோடியே 85 லட்சம் டாலருக்கு அவரோடு ஒப்பந்தம் போட்டார்கள். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. மீதியில்தான் மற்ற எல்லோரும். 2015-16ல் அணி 82 ஆட்டங்களில் 65ல் தோற்றது; அதன் சரித்திரத்திலேயே மோசமான பருவம் அது. அந்த அணியில் இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த பையன்கள் ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றுக்கொள்ளக் கையில் பந்து வேண்டும். வலி அவருடையதாக இருக்கலாம், பந்து அப்படியல்ல.

விலகப்போவதை அவர் 2015 நவம்பர் 29 அன்று ஒரு கவிதை எழுதி அறிவித்தார். ஆட்டத்துக்கு எழுதிய காதல் கடிதம் அது. கவிதையாகத் தேறாது; நம் பத்திரிகைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். (அதை வைத்து எடுத்த குறும்படத்துக்கு 2018ல் ஆஸ்கார் கிடைத்தது, அது வேறு விஷயம்.) ஆனால் உடம்பு போதும் என்று சொல்லிவிட்டதை அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பிறகும் நாலரை மாதம் ஊர் ஊராக விடைபெற்றுக்கொண்டே ஆடினார். குறை சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த நாலரை மாதமும் ஒரு அணி முழுவதும் ஒருவருடைய பிரிவுபசாரத்துக்குப் பந்தல்கால்களாக நின்றது.

கடைசி ஆட்டம் 2016 ஏப்ரல் 13. யூட்டா அணிக்கு எதிராக 60 புள்ளிகள். அதற்கு 50 தடவை எறிந்தார், 28 தவறின. போகச் சொன்ன அதே ஜனங்கள் எழுந்து நின்று எறி, எறி என்று கூவினார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பார்த்தேன். இவ்வளவு நேரம் பந்தைப் பற்றி எழுதியவன் அன்றைக்கு ஒரு பையனிடமாவது அதைக் கொடுக்க மாட்டாரா என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்துபோனபின் இதையெல்லாம் எடைபோடுவதே குரூரம் என்பதுபோல் ஆகிவிட்டது. அந்தத் துக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வங்கியில் இந்தப் பிரச்னையே கிடையாது. 60 வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள், சால்வை, மாலை, வீடுவரை கொண்டுபோய் விடுதல். யாரும் யாரையும் கேட்பதில்லை. கேள்வி எழுகிற இடங்களில்தான் அவஸ்தை.

காகிதம் அணி அல்ல, ஒரு கவிஞர் மோசமாக எழுதுவதால் இன்னொருவரின் கவிதை கெட்டுவிடாது, ஆகவே அந்த மதிப்புரையில் நான் எழுதியது அதிகப்பிரசங்கம் என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்திருந்தேன். போன மாதம் அந்தக் கவிஞர் பதினோரு கவிதைகளை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார். ஆசிரியர் என்னிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். இதழுக்கு 32 பக்கங்கள். எட்டு தேறாது, மூன்றைப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்றில் ஒன்றைப் பற்றி எனக்கே நிச்சயமில்லை. அதற்கு இடம்விட்டு ஒரு புதுப் பையனின் கவிதை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.