பதக்கத்துக்கு வந்தவருக்குப் பற்றின்மை எதற்கு?

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்ற கீதையின் உபதேசம் நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியைக் கவனிக்க வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், ஆனால் சுடுபவர் கண்ணைப் பதிப்பது அதில் அல்ல, பிஸ்டலின் நுனியிலுள்ள குறிமுனையில். இலக்கு மங்கலாகவே தெரியும். (பறவையின் கண் மட்டும் தெரிந்தது அர்ஜுனன் வில்லுக்குச் சரி.) புள்ளிக்கு ஆசைப்பட்டு விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு விலகிவிடும்.

பதக்க ஆசையே இல்லாதவர் போட்டிக்கு ஏன் வருகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆசை அவரைப் பயிற்சிக்கு இழுத்துவரட்டும். விரல் விசையில் இருக்கும் சில விநாடிகளில் அதற்கு வேலையில்லை. கீதை கேட்பதும் அவ்வளவே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மனு பாக்கர், இறுதிச் சுற்றில் கீதையை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். வெள்ளி அவருக்கு 0.1 புள்ளியில் தவறியது.