பிடிப்பவன் அறம்

முன்னேறிச் செல்பவனை உலகம் போற்றுகிறது. நின்று தடுப்பவனை உலகம் காண்பதே அரிது. கோட்டையைக் கைப்பற்றியவன் பெயர் வரலாற்றில் ஏறுகிறது. கோட்டை வாயிலைக் காத்து நின்றவன் பெயரைக் கேட்டால் கற்றோரும் விழிக்கின்றனர். இக்குறை போர்க்களத்தோடு முடிந்துவிடவில்லை. விளையாட்டிலும் பொதுவாழ்விலும் அன்றாடப் பிழைப்பிலும் இதே வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆதலின், தடுத்து நிற்பதில் ஓர் அறம் உண்டா, உண்டெனில் அது யாது என்னும் வினாவை ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

இதற்கு வேதாந்தத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. நம் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் ஆடும் சடுகுடுவே போதும். இன்று அதனைக் கபடி என்கிறோம். ‘கைபிடி’ என்னும் சொல்லே கபடியாயிற்று என்று சொல்வாரும் உளர். சொல்லாராய்ச்சி வல்லார் அதை முடிவு செய்யட்டும். நமக்கு வேண்டியது ஆட்டத்தின் விதி.

எதிரணியினன் ஒருவன் மூச்சடக்கிப் பாடிக்கொண்டு உள்ளே வருகிறான். அவனுக்கு 30 விநாடி. அவனுக்கு எதிரே எழுவர். அவன் ஒருவனைத் தொட்டுத் தன் எல்லைக்கு மீண்டால் தொடப்பட்டவன் வெளியேற வேண்டும். அவனைப் பிடித்து நிறுத்திவிட்டால் அவன் வெளியேற வேண்டும். இதுவரை யாவரும் அறிவர். இதனுள் மற்றொரு செய்தி அடங்கியிருக்கிறது. ஓரத்தில் நிற்பவன் ஒருவன் பாய்ந்து வந்தவனது கணுக்காலைப் பற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குத் துணையாக மேலும் மூவர் ஓடிவந்து இடுப்பையும் தொடையையும் பிடிக்கின்றனர். வந்தவன் வலியன்; நால்வரையும் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தொட்டுவிடுகிறான். அப்போது வெளியேற வேண்டியவர் முதலில் பிடித்தவன் ஒருவன் மட்டுமோ? அன்று. நால்வரும் வெளியேற வேண்டும். உதவிக்கு வந்த மூவரும் அவ்வுதவியின் பொருட்டே தண்டிக்கப்படுகின்றனர். ஒதுங்கி நின்ற மற்ற மூவரோ, மேனியில் தூசிபடாமல் களத்திலேயே இருக்கின்றனர்.

கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்போர்க்கு ஒதுங்கி நின்றவன் பிழையற்றவன். உதவ வந்தவன் தோற்றவன். ஆனால் எழுவரும் ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்ட அணி எத்தனை நாள் ஆட முடியும்? பாடி வருபவன் ஒவ்வொருவராகத் தொட்டுச் சென்று களத்தையே வெறுமையாக்கிவிடுவான். ஆகவே பிடிப்பவனது அறம் உடல் வலிமையன்று. மற்றொருவன் தலைமேல் வந்த இடரைத் தன் தலைமேலும் ஏற்றுக்கொள்ளும் துணிவே அவனது அறம்.

இவ்வறத்தைத் தொழிலாகவே கொண்டு வாழ்ந்த தமிழர் ஒருவரை நாம் எண்ணிப் பார்த்தல் தகும். தஞ்சைச் சீமையின் சிற்றூரில் 1975-ல் பிறந்த தோழர் தர்மராஜ் சேரலாதன் அவர்களே அவர். களத்தின் வலப்புற மூலையே அவர் நின்ற இடம். ‘புரோ கபடி லீக்’ என்னும் தொழில்முறைப் போட்டி இந்தியாவில் 2014-ல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. பிறர் ஆட்டத்தை விட்டு விலகும் வயதில் அவர் அதில் கால் வைத்தார். 2016 சூலையில் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அவ்வாண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் ஈரானை 38-க்கு 29 என்று வென்ற இந்திய அணியில் இடம்பெற்றிருந்தார். அதன் பின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். 2019-ல் அரியானா அணிக்குத் தலைவரானார். தம் வயதில் பாதியே ஆன இளைஞரோடு தோளோடு தோள் நின்று ஆடினார்.

அந்த 2016 இறுதியாட்டத்தில் இந்தியா முற்பாதியில் பின்தங்கியிருந்தது. அவ்வாட்டத்தில் பாடிச் சென்று 12 புள்ளிகள் கொணர்ந்த தோழர் அஜய் தாக்கூரின் பெயரை உலகம் கொண்டாடிற்று. கொண்டாடியது முறையே, நாமும் கொண்டாடுகிறோம். ஆயினும், பாடிச் செல்பவன் தவறினால் அவன் பின்னே களம் சரியாமல் காத்து நிற்பவர் உண்டென்னும் நம்பிக்கை இல்லாவிடில், எவனும் அவ்வளவு துணிந்து எதிரியின் எல்லைக்குள் போகான். அந்த நம்பிக்கைக்குப் புள்ளி கொடுக்கும் பலகை எந்த அரங்கிலும் இல்லை.

விலையிலும் இவ்வேற்றுமை தெரிகிறது. 2018-ல் அந்தப் போட்டிக்காக நடந்த ஏலத்தில் மிக உயர்ந்த தொகையான 1 கோடியே 51 இலட்சம் ரூபாய் பாடிச் செல்லும் வீரரான தோழர் மோனு கோயத்துக்குப் போயிற்று. பிடிப்பதில் வல்லவரான ஈரான் நாட்டுத் தோழர் ஃபசல் அத்ராச்சலிக்கு 1 கோடி கிடைத்தது. பிடிப்போனும் கோடியைக் கண்டது மகிழத்தக்கதே. மனிதனை ஏலம் கூறும் வழக்கத்தைப் பற்றி, தலைக்கு இவ்வளவு என்று ஆள்கட்டிக் கப்பலேற்றப்பட்டோரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு வேறொரு கருத்து உண்டு. அதைப் பிறிதொரு நாள் கூறுவோம்.

இவ்வழக்கம் கீழ்நாட்டுக்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டா. அமெரிக்க நாட்டில் தலைக்கவசம் அணிந்து ஆடும் ஒருவகைக் கால்பந்தாட்டம் பெரும் பணம் புழங்கும் தொழிலாயிருக்கிறது. பெயர்தான் கால்பந்து; ஆடுவது பெரும்பாலும் கையால். அதில் முன்வரிசையில் நின்று எதிரணியின் பாய்ச்சலை மார்பால் தாங்கித் தடுப்போர் உண்டு. அவர்களுள் தலைசிறந்த ஒருவர் ஆலன் பேஜ் என்னும் கறுப்பினத் தோழர். மின்னசோட்டா அணியில் 1967 முதல் ஆடியவர். 1971-ல் அப்போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பட்டம் அவருக்குக் கிடைத்தது. தடுத்து நிற்போன் ஒருவனுக்கு அப்பட்டம் கிட்டியது அதுவே முதன்முறை. அதற்குப் பின் அவ்வகையார் மற்றொருவருக்கு 1986-ல் ஒருமுறை கிட்டியது, அவ்வளவே. இன்னொன்றும் கேளுங்கள். பந்தை எறிய முற்படும் எதிரியை எறியுமுன்னே வீழ்த்துவதுதான் தடுப்போனின் தலையாய திறம். அதனை அப்போட்டியின் ஆட்சியாளர் முறைப்படி எண்ணத் தொடங்கியது 1982-ல்தான். தோழர் பேஜ் 1981-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். பதினைந்து பருவம் அவர் செய்த வேலை அதிகாரபூர்வமான ஏட்டில் ஏறவேயில்லை! ஓடியவன் ஓடிய ஒவ்வொரு கெஜத்தையும் எண்ணிய உலகம், நிறுத்தியவன் நிறுத்தியதை எண்ண மறந்தது.

அவரோ, எண்ணுவாரில்லையே என்று ஏங்கி நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் பயின்று 1978-ல் பட்டம் பெற்றார். 1993 முதல் 2015 வரை மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாய் அமர்ந்தார். அம்மன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. வலியவன் எளியவன்மேல் பாயும்போது இடையே நீளும் கையன்றோ சட்டம்? அவர் தொழிலை மாற்றினார் என்று பிறர் கூறலாம்; திடலில் செய்த வேலையை மன்றத்தில் தொடர்ந்தார் என்றே நாம் கூறுவோம்.

இவ்விடத்தில் சீர்திருத்த அன்பர் ஒருவர் எழுந்து, “தடுப்பதை அறம் என்கிறீரே! நம் இனத்தின் முன்னேற்றத்தைத் தடுத்தவர் எத்தனை பேர்! 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் ஒடுக்கப்பட்டோர் நடக்கக்கூடாதென்று தடுத்தாரே, அதுவும் அறமோ?” என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். விடையையும் அந்த ஆட்டமே தருகிறது.

சடுகுடுவில் தடுப்பவன் தன்னைப் பணயம் வைத்துத் தடுக்கிறான். பிடி நழுவினால் வெளியேறுபவன் அவனே. வந்தவனோ அவனைவிட எளியவன் அல்லன். அடித்துச் செல்ல வந்தவன். பிடிபட்டாலும் அவனுக்கு மீண்டும் உள்ளே வர வழியுண்டு. பிறப்பினால் அவனை எவரும் விலக்கி வைப்பதில்லை. வைக்கத்தில் வழியை மறித்தவரோ எதனைப் பணயம் வைத்தார்? அரசாங்கம் அவர் பின்னே நின்றது. சாத்திரம் அவர் பின்னே நின்றது. காவற்படை அவர் பின்னே நின்றது. இழப்பதற்கு அவருக்கு ஒன்றுமில்லை. சிறை சென்றவர் பெரியாரும் அவர் தோழர்களுமே. ஆகவே அங்கே பிடிப்பவனது அறம் வழி மறித்தவரிடம் இல்லை. ஒடுக்கப்பட்டோர்மேல் விழுந்த இடரைத் தம்மேலும் ஏற்றவரிடமே இருந்தது. தடுத்தல் என்னும் செயலை மட்டும் பார்த்தால் அறமும் மறமும் ஒன்றுபோல் தோன்றும். இடரை யார் சுமக்கிறார் என்று பார்த்தால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிற்று. கூலி உயர்வும் கள்ளுக்கடை ஒழிப்பும் அவர்கள் கேட்டவற்றுள் அடங்கும். துரைமாரையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவு ஒழியவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. தோழர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி முழங்கிற்று, தொழிலாளர் உயிர் இழந்தனர். நாதன் பெயரை வரலாறு அறியும். அவர் கைதானபின் அவருக்காகக் கூடி நின்றவர்களை அறியுமோ? அவர்கள் ஒதுங்கி நின்றிருந்தால் மறுநாள் பிரட்டுக்களத்தில் வழக்கம்போல் பெயர் கொடுத்திருப்பர். அரைக்கூலியேனும் வீட்டுக்கு வந்திருக்கும். முதலில் கணுக்காலைப் பற்றியவன் தனியே இழுபட்டுப் போகக் கூடாதென்று ஓடிவந்தவர்கள் அவர்கள்.

இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. லயங்கள் இடிந்தன, மக்கள் சிதறினர். வட சிலாங்கூரில் புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர் முதலிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர், தமக்கு வீடு வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நின்று கேட்டது நாடறிந்த செய்தி. ஒவ்வொரு குடும்பமும் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால் அக்குரல் எழுந்தே இராது.

இவ்வளவும் நம்மவர் பெருமையாக முடிந்துவிட்டால் நன்றாயிருக்கும். முடியவில்லை. நம் பாட்டன்மார் இருந்த இடத்தில் இன்று இருப்பவர் யார்? கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் செம்பனைக் குலை வெட்டுபவர் யார்? இந்தோனேசியர், வங்காள தேசத்தார், நேப்பாளத்தார், இந்தியாவிலிருந்து புதிதாய் வந்தோர். கடன்பட்டு வந்தவர், மொழி அறியாதவர், தம் கடவுச்சீட்டு எவர் கையில் இருக்கிறது என்று அஞ்சி வாழ்பவரும் அவர்களுள் உண்டு. 2020-ல் அமெரிக்க அரசு, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் தென்பட்டதாகக் கூறி, மலேசியாவின் இரு பெரு நிறுவனங்களது செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் நிறுத்திற்று; அவற்றுள் ஒன்றின்மேல் இருந்த தடை 2023-ல் நீங்கியது. எங்கோ பத்தாயிரம் கல் தொலைவில் இருந்த ஒரு கை கணுக்காலைப் பற்றிற்று. அருகில் இருந்த கைகள் என்ன செய்தன?

இக்கேள்வி, எழுத்து வேலை பார்க்கும் நம் வகுப்பாரை மிக நெருங்கித் தொடுகிறது. கூலிப் பட்டியல் நம் மேசை மேல் இருக்கிறது. பிடித்தம் எவ்வளவு, மிகைநேரம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பதை நாம் அறிவோம். அன்று சைக்கிளைவிட்டு இறங்கச் செய்தவர்களுள் கிராணியும் ஒருவன் என்பதை வரலாறு மறைக்கவில்லை. ஓரத்தில் ஒதுங்கி நிற்க இவ்வுலகில் எவருக்கேனும் வசதியான இடம் உண்டென்றால் அது நம் நாற்காலியே. ஒதுங்கியவனை எந்த விதியும் வெளியேற்றாது. எந்த ஏடும் குற்றம் கூறாது.

“அவர்கள் நம்மவர் அல்லரே” என்று சிலர் சொல்வது நம் செவியிலும் விழுகிறது. பாட்டன் கப்பலேறி வந்தபோது இந்நாட்டில் அவனை நம்மவன் என்றவர் எத்தனை பேர்? ஒரே லயத்தில் ஒரே தண்ணீர்க் குழாயில் குடம் வைப்பவர் ஒரே அணியினர். அவர் பேசும் மொழி எதுவாயினும் ஆகுக. மொழியாலும் பிறப்பாலும் அணி பிரிப்பதைத்தானே நாம் நூறாண்டாக எதிர்த்து வருகிறோம்?

எல்லாரும் நாதன் ஆகவேண்டும் என்று நாம் கூறவில்லை. முதற்கையாக நீள எல்லார்க்கும் இயலாது; அதற்குத் தனித் துணிவு வேண்டும். ஆனால் முதற்கை நீண்டபின் இரண்டாவது கையாக நீளுவது யார்க்கும் இயலும். தவறான பிடித்தத்தைக் கண்டால் இது தவறு என்று எழுதி வைப்பது இரண்டாவது கை. முறையிடப் போகும் தொழிலாளியோடு தொழில் இலாகா வரை நடந்து செல்வது இரண்டாவது கை. மொழி தெரியாதவனுக்கு அவன் கையொப்பமிடும் தாளைப் படித்துச் சொல்வது இரண்டாவது கை. இவற்றுக்கு மாலை விழாது. ஏலத்தில் விலை ஏறாது. சிலவேளை நம் வேலைக்கே இடரும் வரலாம். அந்த இடர் உண்டு என்பதனால்தான் அச்செயல் அறமாகிறது. இடரின்றிச் செய்வதற்கு மரியாதை என்று பெயர். அதுவும் நல்லதே, ஆனால் அதுகொண்டு எவனும் இழுபட்டுப் போகாமல் நிற்பதில்லை.

அடுத்த தோட்டத்துப் போட்டியில் பரிசு வழங்கும் பெரியோர், அதிகப் புள்ளி எடுத்தவனுக்குக் கோப்பை கொடுக்கட்டும். கூடவே, தோழன் பிடித்த பிடிக்கு முதலில் ஓடிவந்து சேர்ந்தவன் யார் என்பதையும் ஒருவரை வைத்து எண்ணச் செய்யட்டும். பிள்ளைகள் எதை எண்ணக் காண்கிறார்களோ அதையே மதிக்கக் கற்றுக்கொள்வார்கள். கூலிப் பட்டியல் அவர்கள் மேசைக்கு வரும் நாளில் அப்பழக்கம் அவர்கள் கையில் இருக்கட்டும்.