கையும் கோலும்: திறன் யாருடையது?

பூல் என்னும் மேசைப் பந்தாட்டம் ஆடுகிறவர் கடையில் வாங்கிய தொழிற்சாலைக் கியூவை (ஆட்டக்கோலை) விட்டு, தன் அளவுக்கென்றே ஒரு கைவினைஞரிடம் செய்து வாங்கிய கியூவுக்கு மாறும்போது மிகப் பழைய கேள்வி ஒன்று மேசைக்கு வந்துவிடுகிறது. செயலைச் செய்வது யார்? ஆளா, கருவியா, இரண்டும் கூடிய வேறொன்றா? அமெரிக்காவில் நல்ல தொழிற்சாலைக் கியூ சில நூறு டாலருக்குள் கிடைக்கும். பெயர்பெற்ற கைவேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். அந்தப் பணம் எதை வாங்குகிறது என்பது கடைக்காரரைவிடத் தத்துவவாதியை அதிகம் தொல்லைப்படுத்தும் கேள்வி.

பூல் கியூ பொதுவாக 58 அங்குல நீளம், 18 முதல் 21 அவுன்ஸ் வரை எடை கொண்டது. நடுவில் திருகிப் பூட்டும் இரண்டு பாதிகள். முன்பாதியான ஷாஃப்ட் பெரும்பாலும் மேப்பிள் மரம். அதன் நுனியில் தோலாலான டிப். கைப்பிடியுள்ள பின்பாதி பட். தனியாகச் செய்பவர் நீளத்தையும் பிடியின் பருமனையும் எடை நிற்கும் இடத்தையும் ஆளுக்கேற்ப மாற்றித் தருவார். ஆறடிக்கு மேல் வளர்ந்தவருக்கு இது அலங்காரமே அல்ல, தேவை. மரத்தை ஒரே மூச்சில் கடையாமல், கொஞ்சம் கடைந்து மாதக்கணக்கில் கிடக்கவிட்டு மறுபடி கடைவார். உள்ளிறுக்கம் தளர்ந்து மரம் வளைவதாக இருந்தால் பட்டறையிலேயே வளைந்துவிடட்டும் என்பதுதான் காரணம். மீதி விலை பெரும்பாலும் பட்டில் பதிக்கும் கருங்காலிக்கும் சிப்பிக்கும் போகிறது. ஒரு காலத்தில் யானைத் தந்தத்துக்கும் போனது. 2016இல் அமெரிக்கா மாநிலங்களுக்கு இடையிலான ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுதாக அடைத்த பிறகு அந்த வழக்கம் சுருங்கிவிட்டது. ஒரு விலங்கின் சாவைப் பிடிக்கு அடியில் பூவேலையாகப் பதித்துக்கொள்வது தகுமா என்பதைச் சட்டம் கேட்கும் முன்பே ஆட்டக்காரர்கள் கேட்டிருக்கலாம்.

டிப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் மோதலின் பக்கவாட்டு அசைவு ஷாஃப்டில் சில அங்குலம்தான் பின்னோக்கிப் பரவும். வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு வலப்பக்கமாக அடித்தால் பந்து சுழல்கிறது. கூடவே குறித்த கோட்டிலிருந்து சற்றே இடப்பக்கம் விலகியும் ஓடுகிறது. இந்த விலகலுக்கு ஸ்குவர்ட் என்று பெயர். முனையின் அந்தச் சில அங்குலம் எவ்வளவு கனமோ அவ்வளவு விலகல். பட்டில் பதித்த சிப்பிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. விலகலைக் குறைப்பதில் பெரிய மாற்றம் வந்ததுகூடக் கைவினைப் பட்டறையிலிருந்து அல்ல. 1990களில் பிரெடேட்டர் நிறுவனம் முனையைத் துளைத்து எடை குறைத்த ஷாஃப்டுகளை விற்கத் தொடங்கிய பிறகே அது பரவியது. கைவேலையின் மேன்மையைப் பேசுகிறவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

பத்தாண்டுகள் ஒரே கியூவில் ஆடியவர் அதன் விலகலைக் கணக்குப் போட்டுத் திருத்துவதில்லை. கண் குறியை முன்கூட்டியே நகர்த்திவிடுகிறது. அப்படி நகர்த்துவது அவருக்கே தெரியாது. விலகல் குறைந்த புதுக் கோல் கைக்கு வந்ததும் நேரான அடிகள் முன்போலவே விழுகின்றன; சுழற்சி கொடுத்த அடிகள் மட்டும் பையின் விளிம்பில் இடித்துத் திரும்புகின்றன. கோல் மேலானது, கையும் பழுதாகவில்லை, ஆனாலும் பந்து தவறுகிறது. திறன் கைக்குள் மட்டும் இருந்திருந்தால் அது கையோடு வந்திருக்கும். கோலில் இருந்திருந்தால் நல்ல கோலில் கூடியிருக்கும். இந்தக் கைக்கும் அந்தக் கோலுக்கும் இடையே ஏற்பட்ட பழக்கத்தில்தான் அது தங்கியிருந்தது. கோலை மாற்றும்வரை அது தெரிய வாய்ப்பே இல்லை.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் என்கிறது: அதிஷ்டானம் (நிலைக்களம்), கர்த்தா (செய்பவர்), கரணம் (கருவி), பலவகை முயற்சிகள், தெய்வம். தான் ஒருவனே செய்கிறேன் என்று நினைப்பவன் சரியாகப் பார்க்கவில்லை என்றும் அடுத்து சொல்கிறது. உரைகாரர்கள் கரணம் என்று கொள்வது பெரும்பாலும் புலன்களை, மரக்கோலை அல்ல. ஆனால் இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்பதை பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பான்டி 1945இல் வெளிவந்த தம் நூலில் பார்வையற்றவரின் ஊன்றுகோலை வைத்து ஆராய்ந்தார். பழகிய ஊன்றுகோலைப் பார்வையற்றவர் பொருளாக உணர்வதில்லை. அதன் நுனியில் தரையை உணர்கிறார். கியூவும் அப்படித்தான். டிப் பந்தில் பட்ட விதம் ஆட்டக்காரருக்கு விரலில் பட்டதுபோல் தெரிகிறது. பழகிய கோல் கரணமாகிவிடுகிறது. புதுக் கோலோ, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், சில வாரங்களுக்கு வெறும் மரம்தான்.

சுவரில் மாட்டியிருக்கும் எந்தக் கோலை எடுத்தாலும் உண்மையான ஆட்டக்காரர் ஜெயிப்பார் என்றொரு பேச்சு எல்லா பூல் கூடங்களிலும் உண்டு. ஸ்டோயிக் சிந்தனையாளர் எபிக்டெட்டஸ் பந்தாட்டத்தை வைத்து இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார்: பந்து நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல, அதை எறிவதிலும் பிடிப்பதிலும்தான் நல்லது கெட்டது இருக்கிறது. மனிதரின் தகுதியை அளக்க இது நல்ல அளவுகோல். சுழற்சி அடி எங்கே போய் விழும் என்பதற்கு அது பதில் ஆகாது. கூடத்துப் பேச்சு இரண்டையும் குழப்பி, கருவியைப் பற்றி யோசிப்பதையே பலவீனமாக்கிவிடுகிறது.

சுவாங்ட்ஸு என்ற பழைய சீன நூலின் பத்தொன்பதாம் அத்தியாயத்தைக் கியூ வாங்கப் போகிறவருக்காகவே எழுதினார்களோ என்று தோன்றும். பொருந்திய செருப்பு காலை மறக்கச் செய்கிறது என்பது அதில் ஒரு கருத்து. தனக்கென்று கோல் செய்துகொள்வதற்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது. மணி தொங்கவிடும் சட்டம் செதுக்கும் தச்சன் ஒருவனும் அங்கே வருகிறான். விரதமிருந்து, பரிசையும் பழியையும் தன் உடலையும் மறந்த பிறகே மரம் தேடிக் காட்டுக்குப் போகிறான். அதே அத்தியாயம் எதிர்ப்பக்கமும் பேசுகிறது. ஓட்டுச்சில்லைப் பணயம் வைத்து ஆடுகிறவனுக்குக் கை சரளமாக வரும், பொன்னை வைத்தால் புத்தி தடுமாறும் என்கிறது. திறமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். விலையுயர்ந்த கியூவில் கருவியே பணயமாகிவிடுகிறது. மேசை விளிம்பில் இடிக்குமோ, வெயிலில் நின்ற காரில் வளையுமோ, இவ்வளவு கொடுத்தும் தோற்றால் என்ன சொல்வார்களோ என்ற நினைப்பு குனியும்போதே கூடக் குனிகிறது. அளவால் கிடைத்த மறதியை விலை பறித்துக்கொள்கிறது. இந்தக் காரணத்துக்காகவே, அளவு பொருந்திய, பெயர் பொறிக்காத எளிய கைவேலை பெரும்பாலோருக்கு மேல்.

பெயரின் கதை இன்னும் சிக்கலானது. 1912இல் ரஷ்யாவில் பிறந்து, 1924இல் அமெரிக்காவுக்குக் குடும்பத்தோடு வந்த ஜார்ஜ் பலபுஷ்கா, 1959 முதல் 1975இல் இறக்கும்வரை நியூயார்க்கில் கியூ செய்தவர். இந்தத் தொழிலில் அவர் பெயருக்கு மேல் பெயர் இல்லை. அவருடைய கியூக்கள் பலவற்றின் பட், பிரன்ஸ்விக் தொழிற்சாலையின் டைட்லிஸ்ட் மரத்திலிருந்து கடைந்தது. பிற்பாடு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி என்ற வேறு கைவினைஞர்கள் ஒட்டித் தந்த மரத்தையும் பயன்படுத்தினார். 1986இல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் பால் நியூமன் பாத்திரம் பலபுஷ்கா என்று சொல்லித் தரும் கியூ உண்மையில் ஜாஸ் நிறுவனத்துத் தயாரிப்பு. தொழிற்சாலைக்கும் கைக்கும் நடுவில் கிழித்த கோடு கைவேலையின் மிகப் பெரிய பெயரிலேயே அழிந்துகிடக்கிறது.

இன்றைய ஆட்டக்காரர்களில் பலர் தொழிற்சாலையா கைவேலையா என்ற கேள்வியை நடைமுறையில் வேறு வழியாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். பூட்டும் திருகு ஒத்துப்போனால், கைவேலைப் பட்டில் விலகல் குறைந்த தொழிற்சாலை ஷாஃப்டை மாட்டிக்கொள்கிறார்கள். அப்படிப் பூட்டிய கோலில் பந்தைத் தொடும் பாதி இயந்திரத்திலிருந்து வந்தது. பெயரும் விலையும் உள்ள பாதி கைப்பிடியில் இருக்கிறது.